பாரிஸில் வாங்கிய பையும் விமான நிலையத்தில் திறந்த பெட்டியும்

பையைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, கடையை விட்டு வெளியே வர எனக்கு ஒன்றே கால் மணி நேரம்தான் ஆனது. அதற்கு முன்னால் மூன்று வருடச் சேமிப்பு. அதற்குப் பின்னால் பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது. அந்தக் காலைப்பொழுதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். திரும்பி வர வேண்டிய வரிப் பணம் கைநழுவிப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை ஊரிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். லூயி விட்டோன் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் ‘அல்மா’ என்ற கைப்பை, கறுப்பு நிறம், ‘எப்பி’ என்ற வகைத் தோல். இந்த நிறுவனத்தின் பழுப்பு மோனோகிராம் பைகள், அதாவது LV எழுத்துகள் போட்ட பைகள், முழுவதும் தோல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1896இல் பிறந்த அந்த மோனோகிராம் இன்று வருவது பூச்சு ஏற்றிய கான்வாஸில். கைப்பிடியும் ஓரப்பட்டைகளும் மட்டும் தோல். அதுவும் சாயம் ஏற்றாத தோல் என்பதால் கை பட்டு, வெயில் பட்டு நாளடைவில் தேன் நிறமாகும். மழைத்துளி விழுந்தால் கறை தங்கும். எப்பி அப்படியில்லை. மேலே மெல்லிய வரிகள் ஓடும் கெட்டித் தோல், கீறல் சட்டென்று தெரியாது. தினமும் எடுத்துப்போகப் போகிறேன் என்றால் எனக்கு அதுதான் சரி.

பாரிஸைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பிரான்ஸில் விலைப்பட்டியலில் இருக்கும் தொகைக்குள் 20% வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் பயணிகள், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் இந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். இதற்கு அங்கே ‘தெத்தாக்ஸ்’ என்று பெயர். பிரிட்டன் இந்தச் சலுகையை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே லண்டனும் பாரிஸும் ஒரே பயணத்தில் இருந்தால் பையைப் பாரிஸில் வாங்குங்கள்.

20% என்றதும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். 1,200 யூரோ பை என்றால் அதில் வரி 200 யூரோ, அதாவது ஆறில் ஒரு பங்கு. அதிலும் பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். கைக்கு வருவது பெரும்பாலும் விலையில் 12% அளவில்தான். நான் அந்த 12 சதவீதத்தை வைத்தே பட்ஜெட் போட்டேன்.

முதலில் நுழைந்தது வேறொரு கடை. நான் கேட்ட நிறம் இல்லை, இருக்கும் நிறத்தில் இதுதான் கடைசிப் பை, இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இவ்வளவு பெரிய தொகையை யாரோ துரத்துகிறார்கள் என்பதற்காகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அல்மா வாங்கிய இடத்தில் அந்த அவசரமே இல்லை. காட்சிக்கு வைத்த பையைத் தோளருகே பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன், அப்புறம் உள்ளிருந்து புதிய பை ஒன்று கேட்டேன். விற்பனைப் பெண் துணிப்பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு பக்கமும் ஓடும் ஜிப்பை முழுக்கத் திறந்து மூடினேன். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். கவிழ்த்து அடியிலுள்ள நான்கு உலோகக் குமிழ்களையும் பார்த்தேன். சின்னப் பூட்டு ஒன்று, அதன் சாவி ஒரு தோல் உறைக்குள். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் காத்திருந்தார். பணம் கொடுப்பவர் பார்த்து வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணம் கட்டும்போது இரண்டு விஷயம். கார்டு மெஷின் சில சமயம் உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கட்டுமா, யூரோவில் எடுக்கட்டுமா என்று கேட்கும். யூரோவையே அழுத்துங்கள், இன்னொன்றில் மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். அடுத்தது, வரியைத் திரும்பக் கேட்கக் கடையில் போட்டுத் தரும் படிவத்துக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். எது எந்தக் கட்டத்தில் போக வேண்டும் என்று நானே விரல் வைத்துக் காட்டினேன். அச்சிட்டு வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், வசிக்கும் நாடு மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். வரிப் பணம் எப்படித் திரும்ப வேண்டும் என்றதற்குக் கார்டில் என்றேன்.

கடைப் பையோடு ஊர் சுற்றவில்லை, நேராக ஹோட்டல். அறையில் வைத்துவிட்டு மாலையில் வெறுங்கையோடு அல்மா சதுக்கம் வரை நடந்தேன். பைக்கு அந்தச் சதுக்கத்தின் பெயர்தான். ஆற்றங்கரையில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இனி விமான நிலையம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு எங்கிருந்து கடைசியாக வெளியேறுகிறோமோ அங்கேதான் படிவத்தை உறுதிசெய்ய வேண்டும். வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாவது மாதம் முடியும்வரை அதற்குக் காலம் உண்டு. எனக்குப் பாரிஸிலிருந்தே நேரடி விமானம் என்பதால் அங்கேயே வேலை முடியும். நான்கு மணி நேரம் முன்னதாகப் போனேன். பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்னால் சுங்கப் பகுதியைத் தேடிப் போனேன். இந்த வரிசையை மாற்றவே கூடாது. பையை அதிகாரி பார்க்கக் கேட்கலாம். அப்போது அது விமானத்தின் வயிற்றுக்குள் இருந்தால் எதைக் காட்டுவது?

அங்கே ‘பாப்லோ’ என்ற இயந்திரங்கள் இருக்கின்றன. படிவத்தின் பார்கோடைக் காட்டினால் பச்சைத் திரை வரும், அவ்வளவுதான் வேலை. எனக்கு முன்னால் நின்ற தம்பதிக்குப் பத்து விநாடியில் முடிந்தது. எனக்குப் பச்சை வரவில்லை. சுங்கக் கவுண்டருக்குப் போகச் சொன்னது திரை. வயிற்றில் ஒரு பிடி.

பை பெட்டியின் அடியில், இரண்டு சேலைகளுக்கு நடுவே இருந்தது. கவுண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்த துணியெல்லாம் வெளியே வந்தது. அதிகாரி அம்மா பில்லையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார், பையைக் கையில் எடுத்தார், உள்ளே ஒரு பார்வை. பிறகு மெதுவாக என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு படிவத்தை ஸ்கேன் செய்தார். “முடிந்தது, மேடம்” என்றார். சும்மா ஒரு பரிசோதனைதான். யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். பையைக் கைப்பெட்டியில் வைத்திருந்தால் தரையில் உட்கார வேண்டியிருந்திருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. துணிகளை மறுபடி அடுக்கும்போது பையை மட்டும் கைப்பெட்டிக்கு மாற்றிக்கொண்டேன்.

ஊர் வந்து இறங்கியதும் அங்குள்ள சுங்கத்தில் பில்லைக் காட்டி விலையைச் சொன்னேன், கேட்ட தீர்வையைக் கட்டினேன். அதையும் சேர்த்தே முதலிலேயே கணக்குப் போட்டிருந்ததால் அதிர்ச்சி இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் வரம்பு வேறு, கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வாரம் கார்டு கணக்கில் பணம் வந்து சேர்ந்தது. படிவத்தின் நகலை அதுவரை பத்திரமாக வைத்திருந்தேன். பை இப்போது தினமும் என்னோடு வருகிறது. பூட்டைத்தான் இன்னும் ஒருமுறைகூடப் பூட்டவில்லை. சாவி தன் தோல் உறைக்குள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.