மஞ்சள் டேப்பும் உப்புத்தாளும்

பொது மன்னிப்பு எங்கே சொதப்பும் என்று பார்க்க ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி பந்தைச் சேதப்படுத்தி மாட்டிக்கொண்ட 2018 கேப்டவுன் டெஸ்ட் ஒன்றே போதும்.

மார்ச் 24 மாலையே கேப்டன் ஸ்மித்தும் பந்தைத் தேய்த்த பான்கிராஃப்டும் பிரஸ் முன்னால் உட்கார்ந்து ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பாதிதான். மண் ஒட்டிய மஞ்சள் டேப் என்றார் பான்கிராஃப்ட். விசாரணையில் அது உப்புத்தாள் என்று தெரிந்தது. கேப்டன் பதவியிலிருந்து விலக மாட்டேன் என்றும் ஸ்மித் அன்றே சொல்லிவிட்டார். தப்புக்கும் விலைக்கும் சம்பந்தமில்லாத மன்னிப்பை யார் வாங்குவார்கள்?

ஐந்து நாள் கழித்து சிட்னி விமான நிலையத்தில் ஸ்மித். தோளில் அப்பா கை, தேம்பல். கேப்டன் நான், பொறுப்பு என்னுடையது என்றார். ஊர் இறங்கி வந்தது. இரண்டு நாள் கழித்து துணைக் கேப்டன் வார்னரும் அழுதார்; வேறு யாருக்காவது பங்கு உண்டா என்று கேட்டதும் நழுவினார். அந்தக் கண்ணீர் எடுபடவில்லை.

இதே குற்றத்துக்குப் பழைய ரேட் வேறு. 1994 லார்ட்ஸில் பாக்கெட்டில் மண்ணோடு சிக்கிய இங்கிலாந்து கேப்டன் ஆதர்ட்டனுக்கு 2,000 பவுண்டு அபராதம், கேப்டன் பதவி அப்படியே. 2016-ல் மிட்டாய் எச்சிலால் பந்தைத் தேய்த்த தென்னாப்பிரிக்காவின் டுபிளெசிக்கு மேட்ச் ஃபீஸ் மட்டும் போனது. ஸ்மித்துக்கும் உலக கிரிக்கெட் அமைப்பான ஐசிசி கொடுத்தது மேட்ச் ஃபீஸ் அபராதமும் ஒரே ஒரு டெஸ்ட் தடையும்தான்! 12 மாதத் தடை போட்டது சொந்த நாட்டு வாரியம். ஐசிசி முழித்துக்கொண்டு உச்சத் தண்டனையை ஆறு டெஸ்டாக ஏற்றியது அந்த ஜூலையில்.

வார்னரின் ஆயுள்காலத் தலைமைத் தடையை 2024 அக்டோபரில் நீக்கியதும் அதே வாரியம்தான். அதற்குள் அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றிருந்தார்.