மச்சினன் போனில் மாட்டிக்கொண்ட ஆதார்

திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வளவில் பன்னிரண்டு குடித்தனம், இரண்டு கக்கூஸ். பத்துக்குப் பத்து அறையில் நாங்கள் ஐந்து பேர். மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை மாசம் வாசலில்தான் படுக்கை. 'ஸ்லம் போர்டு வீடு' வருகிறது என்று கேள்விப்பட்டதும் மனு போட்டுவிட்டேன். (அந்தக் குடிசை மாற்று வாரியத்துக்கு 2021லேயே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், முழிப்பார்.)

வருமானச் சான்று இ-சேவையில் சுலபமாகக் கிடைத்தது. வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பனியன் கம்பெனி டெய்லருக்கு அது ஒரு பிரச்சினையா? இந்தியாவில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கியாயிற்று, என் பெயரில். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. இந்த வீடு பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வருவது; அதில் வீடு குடும்பத்துப் பெண் பெயரில், இல்லாவிட்டால் கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு ஷிப்ட் போச்சு.

அடுத்த முறை மனைவியின் ஆதாரைக் கொடுத்தேன். அதில் இன்னும் தாராபுரம் பக்கத்துப் பிறந்த ஊர் முகவரி. வாரிய ஆபீஸ் ஜன்னலுக்குள் இருந்தவர் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, தலையை நிமிர்த்தாமல், "வாடகை ஒப்பந்தம் வெச்சு மாத்திட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். "ஒப்பந்தமெல்லாம் வேண்டாங் கண்ணு, நாளைக்கு வரிய ஏத்திப் போடுவாங்க." அதோடு சரி. திரும்பப் போய் வேறு வழி கேட்டதற்கும் அதே பதில், அதே சிவப்புப் பேனா.

வழி சொன்னது இ-சேவையில் இருந்த பையன். "ரேஷன் கார்டுல ரெண்டு பேர் பேரும் இருக்குதுங்களாண்ணா? அப்புறம் எதுக்குங்க ஒப்பந்தம்?" குடும்பத் தலைவரின் ஆதாரில் உள்ள முகவரியையே மனைவிக்கும் ஆன்லைனில் மாற்ற 2023லிருந்து வசதி இருக்கிறதாம். உறவுக்கு ரேஷன் கார்டு போதும்.

ஆனால் ஓடிபி வர வேண்டுமே! மனைவியின் ஆதாரில் இருப்பது மச்சினன் நம்பர். அவன் லாரியோடு ஹூப்ளிப் பக்கம். இரண்டு ஓடிபி டவர் கிடைக்காமலே காலாவதி. மூன்றாவதை இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னான், "ஒன்பதா, ஒண்ணா?" என்று நான் இங்கே கத்த, கடையே திரும்பிப் பார்த்தது.

ஒன்று கவனியுங்கள்: அப்புறம் குடும்பத் தலைவர் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். 30 நாளுக்குள் ஒப்புதல் கொடுக்காவிட்டால் எல்லாம் வீண். ஆதாரில் இருக்கும் போன் நம்பரை மாற்ற வேண்டியிருந்தால், அதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

நாலாவது நடையில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். தேதி முத்திரை போட்ட ரசீது கையில் வரும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. வயதானவர்கள் இருந்தால் தரைத்தளத்துக்கு முன்னுரிமை கேட்கலாம் என்றார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, அவர் ஆதாரையும் சேர்த்திருக்கிறேன். நல்லவேளை, அதில் இருப்பது என் நம்பர்.