கேவண்டிஷ் என்றொரு குடும்பப் பெயர்

கடையில் ஜி-9 வாழைப்பழம் வாங்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆங்கிலப் பிரபுக் குடும்பம் நினைவுக்கு வருகிறது. அந்த இரகம் கேவண்டிஷ் வாழையினத்தைச் சேர்ந்தது. டெவன்ஷயரின் ஆறாம் டியூக்கான வில்லியம் கேவண்டிஷின் சாட்ஸ்வொர்த் மாளிகையில், தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1830களில் அதைக் கண்ணாடிக்குடிலுக்குள் வளர்த்து, தம் எசமானரின் பெயரையே சூட்டினார். குடும்பப் பெயர் சஃபோக் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. அக்குடும்பத்தவரான தலைமை நீதிபதி ஜான் கேவண்டிஷை 1381இல் கிளர்ச்சி செய்த உழவர்கள் கொன்றார்கள்.

ஆனால் என் மனம் நிலைகொள்வது அதே குடும்பத்தில் பிறந்த அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷிடம்தான். பெருஞ்செல்வம் இருந்தும் பழைய பாணி உடையே அணிந்தவர். கூச்சம் மிகுதியால் பணிப்பெண்களிடம்கூடத் துண்டுச்சீட்டில் எழுதியே செய்தி சொன்னவர். ஆறடி நீள மரக்கோலைக் கம்பியில் தொங்கவிட்டு, அதன் இரு முனைகளிலும் சிறிய ஈயக் குண்டுகளைப் பொருத்தி, அருகே தலா ஏறத்தாழ 158 கிலோ எடையுள்ள இரு பெரிய குண்டுகளை நகர்த்தி, தம் உடல் வெப்பம் காற்றை அசைத்துவிடக் கூடாது என்பதற்காக அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியே, பெரிய குண்டுகளின் ஈர்ப்பால் கோலில் ஏற்பட்ட மிகச் சிறிய விலகலை அளந்தார். அந்த ஈர்ப்பைக் கொண்டு கணக்கிட்டு 1798இல் அவர் வெளியிட்ட முடிவின்படி பூமியின் அடர்த்தி நீரைப் போல் 5.48 மடங்கு, இன்றைய மதிப்பு 5.51. எவ்வளவு பொறுமை வேண்டும்!

கேம்பிரிட்ஜில் 1874இல் திறக்கப்பட்ட கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்துக்குப் பொருளுதவி செய்தவர் ஏழாம் டியூக். அதன் முதல் பேராசிரியர் மாக்ஸ்வெல், ஹென்றி அச்சிடாமல் விட்டுச்சென்ற மின்னியல் குறிப்புகளைப் பதிப்பித்து 1879இல் வெளியிட்டார். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்ற ஓமின் விதியை, ஜெர்மானிய இயற்பியலாளர் ஓமுக்கு முன்பே ஹென்றி அறிந்திருந்தார் என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது.