பாட்டில் தொடங்கும் நட்பு

பதின்வயதுப் பிள்ளைகளிடம் பெயரும் ஊரும் கேட்டு முடித்ததும் பேச்சு நின்றுவிடும். பிடித்த பாட்டைக் கேட்டால் நீளும். உளவியல் ஆய்வாளர்கள் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 6 வாரம் பழகியபோது அதிகம் பேசியது இசையைப் பற்றித்தான்.

வகுப்பில் செய்வதென்றால் மூவர் மூவராக உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டு, ஒரு நிமிடம் ஒலித்தால் போதும். “ஏன் பிடிக்கும்?” என்று கேட்டால் “சும்மாதான்” என்று தோளைக் குலுக்குவார்கள். “முதலில் எங்கே கேட்டாய்?” என்று கேளுங்கள், அண்ணன் போன், பஸ் பயணம் எல்லாம் வந்து விழும்.

மொத்த வகுப்பின் முன் மட்டும் கேட்காதீர்கள். இந்த வயதில் பாட்டு என்பது ‘நான் யார் பக்கம்’ என்று காட்டும் சட்டை. கேலிக்குப் பயந்து, உண்மையில் பிடித்ததை மறைத்து, எல்லோரும் சொல்வதையே சொல்வார்கள். யாராவது சிரித்தால், அந்தப் பிள்ளை அன்று மறுபடி வாய் திறக்காது.