ஆறு உறங்குகிறதா?

குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராக இருக்கிறேன். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஐந்து பையன்கள். எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்று கேட்டால் மடமடவென்று சொல்வார்கள். ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் மட்டும் தொண்டை கட்டிவிடும், வயிறு வலிக்கும், ஏதாவது ஒன்று வந்துவிடும்.

இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர்கள் பயந்தது சிரிப்புக்கு. ஒரு சொல்லில் இடறினால் போதும், முன் பெஞ்சு சிரித்துவிடும். பன்னிரண்டு வயதில் அதைத் தாங்குவது லேசில்லை. நானோ தலைவர்களின் வரலாறும் நீதிக்கதையுமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்கள்.

ஒரு ஜூன் மாதம், பரமார்த்த குருவின் கதையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பெயர்களைச் சொன்னதுமே கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்களும் ஐந்து பேர்தானே, யார் எந்தப் பெயர் என்று அடிதடி.

குருவும் சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருந்தால் ஆபத்து என்று, அது உறங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான் ஒருவன். சுர்ரென்று சத்தம் வருகிறது, புகை எழுகிறது. விழுந்தடித்து ஓடி வருகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். "டீச்சர், மிச்சம்?" என்றார்கள். "நாளைக்கு நீங்க வாசிங்க மக்களே" என்றேன்.

மறுநாள் அந்த ஐவரில் ஒருவன் தானாக எழுந்தான். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். ஒருவழியாக ஆற்றைக் கடந்த பிறகு சீடன் ஆட்களை எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் அழுகிறார்கள். பையன் சட்டென்று நிறுத்தி, விரலைப் பக்கத்தில் ஊன்றி, "லே, அவன் அவனையே எண்ணல லே!" என்று கத்தினான். கதையில் அதை யாரும் சொல்வதற்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். படித்தது புரியவில்லை என்று தேர்வுத்தாளில் நான் சுழித்துவிட்ட பையன் அவன்.

இந்தக் கதைகளில் என்னதான் இருக்கிறது என்று அதன்பிறகு நிறைய யோசித்தேன். மாட்டிக்கொள்கிறவன் நம்மைவிட அசடு. அவன் அடுத்து எங்கே விழப்போகிறான் என்பது வாசிக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. அந்தச் சின்னப் பெருமைக்காகவே அடுத்த வரிக்குப் போகிறான். வகுப்பில் எப்போதும் பின்னால் நிற்கிறவனுக்கு ஒருவனை முந்துகிற சந்தோஷம் வேறெங்கே கிடைக்கும்? அத்தியாயமும் குட்டி, ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

பள்ளிக் கல்வித்துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களிலும் முதலில் சிரிப்பும் ஓட்டமும் இருப்பதைத்தான் இப்போது பொறுக்கிக் கொடுக்கிறேன். படக்கதை படித்தால் படிப்பாகாது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியபின் அதில் எழுத்துக்கூட்டி வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இன்னொன்று, கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்வி வருகிறது என்று தெரிந்தாலே பையன்கள் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தப் பையனின் அப்பா வீட்டில் வலை பொத்திக்கொண்டிருப்பார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிய கதையை அவருக்கு வாசித்திருக்கிறான். முட்டை கீழே விழுந்து உடைய, புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்து ஓடும். குட்டிக் குதிரை ஓடுகிறதென்று சீடர்கள் பின்னாலேயே துரத்துவார்கள்.

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே என் மேசைக்கு வந்து நின்றான். முகத்தில் கோபம்.

"டீச்சர், நடுவுல ரெண்டு பக்கம் கிழிஞ்சி கெடக்கு. அதுல என்ன இருந்துன்னு சொல்லுங்க, அப்பா கேட்டாங்க."