நேர்முனைப் பக்கத்து மில்லிவோல்ற்றுகள்

மலையகத்தில் ஏப்ரலிலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் கடுமையாக இருப்பதால், இங்கு சூரிய மின்தொகுதி அமைப்பவர்கள் நீண்ட கம்பி வந்து சேரும் இடத்திலெல்லாம் பாதுகாப்புக்கென ஒரு தடையியைச் சேர்த்துவிடுகிறார்கள். ஹட்டனில் நான் வேலை செய்யும் பட்டறைக்குத் தோட்ட மருந்தகம் ஒன்றிலிருந்து வந்த, பெட்டரியின் மின்னோட்டத்தை அளக்கும் போர்டிலும் அப்படித்தான் இருந்தது. 12 வோல்ற்று பெட்டரியின் நேர்முனைப் பக்கத்தில் 2 மில்லிஓம் ஷண்ட், அதாவது ஓட்டத்தை அளப்பதற்காக அதன் வழியில் வைக்கும் மிகச் சிறிய தடையி. அதன் இரு முனைகளிலிருந்தும் 1 கிலோஓம் தடையிகள் வழியாக, ஷண்டில் எழும் சிறு அழுத்தத்தை 50 மடங்கு பெருக்கும் ஐ.என்.ஏ. 180 சிப்பின் உள்ளீடுகளுக்கு இணைப்பு. விளக்குகளை அணைத்திருந்தாலும் அது ஓட்டம் காட்டியது. 10 அம்பியர் ஓடும்போதோ ஏறக்குறைய பாதிதான் காட்டியது.

"சிப் போயிருச்சு அண்ணே, மாத்திருவோமா?" என்றார் வேலை பழகும் தம்பி. முதலில் மீற்றரின் கறுப்பு முனையைத் தரையில் வைத்து ஒவ்வொரு காலாக அளக்கச் சொன்னேன். ஷண்டில் 12.60 வோல்ற்று இருக்க, சிப்பின் கால்களில் 12.52 தான் இருந்தது. சுமையே இல்லாத நேரத்திலும் இரு கால்களுக்கிடையே ஒரு மில்லிவோல்ற்றை ஒட்டிய வித்தியாசம் நின்றது. பழுதான சிப்பைவிட இந்த 80 மில்லிவோல்ற்று வீழ்ச்சியே எனக்கு முக்கியமாகப் பட்டது.

இவ்வகைச் சிப், தான் அளக்கும் கம்பியிலிருந்தே ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஏறத்தாழ 80 மைக்ரோஅம்பியரை இழுத்துக்கொள்கிறது. அது 1 கிலோஓம் வழியே வரும்போது 80 மில்லிவோல்ற்று இறங்குவது வெறும் ஓமின் விதி. இரு தடையிகளும் நூற்றுக்கு ஒரு பங்கு முன்பின்னாக இருந்தாலே, இரு கால்களிலும் இறங்கும் அளவு வேறுபட்டு, சுமையில்லா வேளையிலும் பொய்யான ஓட்டம் தோன்றும். 10 அம்பியரில் பாதியே காட்டும்படி பெருக்கம் குறைவதற்குக் காரணம் வேறு: வெளியே சேர்த்த தடையி சிப்பின் உள்ளேயுள்ள தடைகளோடு சேர்ந்து, அப்போது ஷண்டில் எழும் 20 மில்லிவோல்ற்றைக் கால்களுக்கு வருமுன்பே பங்கிட்டுவிடுகிறது. தயாரிப்பாளரின் தரவுத்தாளோ உள்ளீட்டில் 10 ஓமுக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்கிறது.

தடையிகளைக் கழற்றி 10 ஓம் பற்றவைத்ததும் கால்களின் அழுத்தம் ஷண்டோடு ஒத்துப்போனது. இரைச்சலை வடிக்கும் கொள்ளளவியைச் சிப்பின் வெளியீட்டுப் பக்கத்துக்கு மாற்றினோம். மின்னலைத் தடுக்கும் வேலையை, கம்பி உள்ளே நுழையும் இடத்தில் வைத்த, திடீர் மிகை அழுத்தத்தை மட்டுப்படுத்தும் டி.வி.எஸ். டயோட்டிடம் விட்டோம், அது அங்கே இருப்பதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம்.

அதே போர்டை 24 வோல்ற்று பெட்டரித் தொகுதிக்கும் பூட்டலாமா என்று தம்பி கேட்டார். சார்ஜ் ஏறும்போது அந்தத் தொகுதி 28.8 வோல்ற்று வரை போகக்கூடும். இந்தச் சிப் அளக்கக்கூடிய எல்லையோ 26 வோல்ற்று. ஆகவே அதற்கு 80 வோல்ற்று வரை தாங்கும் ஐ.என்.ஏ. 240 சிப்பை வைத்து வேறு போர்ட் செய்கிறோம்.