வளைவில் ஆயில் எங்கே போகிறது?

மூன்று ஆண்டுகள் அதே காரை டிராக்கில் ஓட்டியும் ஆயிலைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கவலைப்பட்டதில்லை. சாதாரண டயர்களைக் கழற்றிவிட்டு, சாலையை இறுகப் பிடிக்கும் செமி ஸ்லிக் டயர்களை மாட்டிய பிறகுதான், நீண்ட வலப்பக்க வளைவு ஒன்றின் பாதியில் ஆயில் பிரஷர் விளக்கு கண நேரம் மின்னி அணைந்தது. வயரிங் கோளாறாக இருக்கும் என்று எண்ணி மேலும் நான்கு லேப் ஓட்டினேன். பிறகு என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டனைத் தாங்கும் தண்டுகளின் அடியில் உள்ள இரண்டு கனெக்டிங் ராட் பேரிங்குகளில் மேற்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது.

என்ஜினில் நான் எதையும் மாற்றவில்லை. கூடியது டயரின் பிடிமானம் மட்டுமே. ஆனால் பக்கவாட்டு விசை 1 ஜியை, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான அளவை, எட்டும்போது சம்ப்பில் உள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடுகிறது. ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, பம்ப் ஆயிலை எடுக்கும் உறிஞ்சு குழாயின் வாய் காற்றில் திறந்து கிடக்கிறது. குறுக்குவாட்டில் பொருத்திய என்ஜினில் இதே விசை ஆயிலை, என்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் நீளவாக்கில் தள்ளுவதால், எந்தப் பக்க வளைவு ஆபத்தானது என்பது என்ஜின் எப்படி அமர்ந்திருக்கிறது, உறிஞ்சு குழாய் எங்கே இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது.

சாய்வைவிட, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் பம்ப், ஐந்து நொடி நீளும் வளைவில் இரண்டரை லிட்டரை மேலே அனுப்பிவிடும். மொத்தமே ஐந்து லிட்டர் கொண்ட என்ஜினில் அது பாதி. மேலே போன ஆயிலின் ஒரு பகுதி, அதே பக்கவாட்டு விசையால் சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் தேங்கி, வடிகால் துளைகளுக்கு வராமல் நிற்கிறது. 7,000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு நூற்றுப்பதினாறு முறைக்கு மேல் சுழலும் என்பதால், ஒரு நொடி வறட்சிகூடச் சிறிய விஷயமல்ல.

கம்பெனி விளக்கைக் காவலாக நம்புவது வீண். பெரும்பாலும் அது 5 பிஎஸ்ஐ அளவுக்குப் பிரஷர் சரிந்த பிறகே எரியும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கின்படி, நான் அந்த வளைவில் இருந்த 6,000 ஆர்பிஎம்முக்கு 60 தேவை. கேஜ் பொருத்துவது நல்லது, ஆனால் கைகள் ஸ்டியரிங்கில் போராடும்போது யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. எனவே பிரஷரையும் பக்கவாட்டு விசையையும் சேர்த்துப் பதிவு செய்யும் லாகர்தான் நான் முதலில் வாங்கிய பொருள். புதிய பேரிங்குகளுடன் போன முதல் நாளிலேயே, அந்த வளைவில் பிரஷர் 20க்கு இறங்குவதைக் கிராஃப் காட்டிக்கொடுத்தது.

செலவில்லாத தீர்வு, டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்குச் சற்று மேலே ஆயில் வைப்பது. பலர் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறார்கள். ஆனால் கிராங்க் அதைத் தொட்டுக் கடைந்துவிட்டால் நுரை உண்டாகும். நுரையை உறிஞ்சும் பம்ப்பும் காற்றை உறிஞ்சும் பம்ப்பும் பேரிங்குக்கு ஒன்றுதான்.

அடுத்த படி சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள். ஆயிலை உறிஞ்சு குழாயை நோக்கி உள்ளே விட்டு, வெளியேற விடாத கீல் கதவுகள் கொண்ட தடுப்புகளே என் தேர்வு. அவற்றைப் பொருத்தும்போது உறிஞ்சு குழாய்க்கும் சம்ப் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்க்காமல் மூடக்கூடாது. அது மிகக் குறைந்தால் ஓட்டம் தடைபடும், மிகுந்தால் செய்த வேலைக்குப் பலனில்லை.

அக்யூசம்ப் போன்ற சேமிப்பு உருளை, பிரஷர் விழும் நொடிகளில் தான் பிடித்து வைத்த ஆயிலை வெளியே தள்ளி இடைவெளியை நிரப்புகிறது; ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பேரிங்குகளை நனைக்கவும் அது உதவும். முழு ஸ்லிக் டயர்களுக்கும் நீண்ட வளைவுகளுக்கும், ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்பே உறுதியான விடை, ஆயினும் வார இறுதியில் மட்டும் ஓடும் காருக்கு அந்தச் செலவை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

தடுப்புகளைப் பொருத்தி அதே வளைவில் பத்து லேப் ஓட்டியபோது பிரஷர் 55க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் வேகமான நேர்ப்பாதையின் முடிவில் கடுமையாக பிரேக் பிடிக்கும் இடத்தில், முன்பு நான் கவனிக்காத சிறு சரிவு ஒன்று கிராஃபில் இருக்கிறது. உருளை வாங்கும்வரை அங்கே பிரேக்கை முன்கூட்டியே, மென்மையாகப் பிடிக்கிறேன்.